கோட்டில் முளைத்த பூஞ்சை

எழுபதுகளில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் வாரமே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஒரு கல்ச்சர் பிளேட்டில் பச்சைப் பூஞ்சை. டாக்டரம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "இது லேபா, ரொட்டிக் கடையா?" என்று கேட்டார். கடற்காற்று ஜன்னல் வழியே கொண்டுவந்து போடும் பூஞ்சையை நான் எப்படித் தடுப்பேன்? ஆனால் அவர் கண்ணில் படுவதற்குள் பிளேட்டைக் கொட்டிவிடலாம். அதில் சீக்கிரமே கெட்டிக்காரனானேன்.

அப்போது ரோஸி என்ற ஏழு வயதுப் பிள்ளை ரத்தப் புற்றுநோயோடு வார்டில் இருந்தாள். மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்து, காய்ச்சலும் இருமலும் பிடித்துக்கொண்டன. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை நாளுக்கு நாள் வாடிக்கொண்டிருந்தாள். என்ன கிருமி என்று என் பிளேட்தான் சொல்ல வேண்டும். சளியை வைத்தேன், பூஞ்சை வந்தது. கொட்டிவிட்டு, வீட்டார் சளி பிடித்துத் தந்த டப்பா சுத்தமில்லை, மறுபடி அனுப்பவும் என்று எழுதினேன். இரண்டாம் முறையும் பூஞ்சை. அதையே எழுதினேன்.

ரோஸியின் அம்மா சவேரியம்மாள் நேரே லேபுக்கு வந்துவிட்டார். கருவாடு போட்டு விற்பவர். அவருடைய சுத்தத்தை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை போலிருக்கிறது. டப்பாவைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டதாகச் சொல்லி, அழுக்கைக் காட்டச் சொன்னார். இரண்டாவது பிளேட்டை இன்னும் கொட்டவில்லை. காட்டினேன்.

குனிந்து பார்த்தவர், அதென்ன கோடு என்று கேட்டார். சளியைத் தொட்ட கம்பியால் நான் இழுத்தது என்றேன்.

"வெளிப் பூசணம்னா கருவாட்டுல அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு விழும் சார், தட்டி விட்டுருவோம். கீறுன எடத்துலயே வரிசையாப் பூத்தா, அது மீனுக்குள்ள இருந்து வாரது. இங்கன ஒங்க கோட்ட விட்டு ஒரு பொட்டுகூட வெளிய இல்லியே."

கோட்டில் மட்டும் முளைத்தால் அது சளியிலிருந்தே வந்தது; எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் அதுதான். திட்டுக்குப் பயந்து மறந்திருந்தேன். பிளேட்டோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். திட்ட வாயெடுத்தவர் கோட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். புதுச் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கிளைவிட்ட பூஞ்சை இழைகள்! எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் நிழல் தெரிந்தது.

பூஞ்சைக்கான மருந்து மெட்ராஸிலிருந்து வந்தது. ஊசி ஏறும்போதெல்லாம் மருந்தின் கடுமையில் பிள்ளை நடுங்குவாள். நான் வார்டு வாசலிலேயே நிற்பேன். என்னால் வீணான நாட்களை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் காய்ச்சல் இறங்கியது. அன்றுதான் டாக்டரம்மா நிறுத்தி வைத்திருந்த திட்டை முழுதாகக் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

லேபுக்கு வரும் தம்பி தங்கைகளே, பூஞ்சையைக் கண்டால் அது எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். யார் திட்டுவார் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நாளில் சவேரியம்மாள் ஒரு கருவாட்டுப் பொட்டலம் தந்தார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க சார். பாக்காமக் கொட்டிராதிய."