குடும்ப விஷயமாம்

இன்னைக்குக் காலையில ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸுல வந்தேன். பாம்பன் தாண்டினதும் முன் சீட்டுல ஒருத்தன் பொண்டாட்டிய கன்னத்துல அறைஞ்சான். போன்ல சிரிச்சுப் பேசிட்டாளாம்.

மறுபடி ஓங்குன கையை எந்திரிச்சுப் பிடிச்சேன்.

"எம் பொண்டாட்டி, ஒனக்கென்ன?"ன்னான்.

பக்கத்துல இருந்த பெரியவரும், "குடும்ப விஷயம், தலையிடாதம்மா"ன்னார்.

"வீட்டுல அடிச்சாலும் கேப்பேன் அய்யா. இது நடு பஸ்ஸு"ன்னேன்.

அந்தப் பொண்ணு மெதுவா, "நான் உச்சிப்புளியில எங்கம்மா வீட்டுக்குப் போறேன்"னுச்சு.

உச்சிப்புளியில இறங்குச்சு. பின்னாடியே இறங்கப் போனவன மீன் கூடையோட நாலு பொம்பளைங்க மறிச்சு நின்னாங்க. கண்டக்டர் விசில் ஊதிட்டார்.

பெரியவருக்குத் தாங்கல. "ஒன்னய எவன் கட்டுவான்?"னு என்னைய கேட்டார்.

கை ஓங்காதவன் எவனாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அவர்ட்ட சொல்லிடுறேன்.