ஞாயிற்றுக்கிழமை டீச்சர்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிப் புனே வந்த புதிது. கட்கியில் குடியிருந்தோம். என் கணவர் ஜூனியர் காலேஜில் இயற்பியல் ஆசிரியர். எனக்கோ இந்தியும் வராது, மராத்தியும் வராது. பால்காரரிடம்கூட விரலைக் காட்டித்தான் பேசுவேன்.

ஞாயிறானால் இவருடன் பிசிக்ஸ் எடுக்கும் மராத்திக்கார டீச்சரம்மா வினாத்தாள் தயாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னை வாய் நிறைய 'வஹினி' என்பார். அண்ணி என்று அர்த்தமாம். அண்ணியாவது ஒண்ணாவது. இரண்டு பேரும் இந்தியில் பேசிச் சிரிப்பதைக் கேட்டால் எனக்கு வயிறு பற்றி எரியும். என்னிடம் 'உப்பு கம்மி' என்பதற்குமேல் பேசாத மனுஷன், அங்கே மணிக்கணக்கில் பேசுவார். இவர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்றே பயந்தேன். நான் டீ டம்ளர் வைக்கிற சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

ஒருநாள் அப்படி வைக்கும்போது தாள் கண்ணில் பட்டது. முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்னூட்டங்கள். ஒன்று ப்ளஸ் நான்கு, இன்னொன்று மைனஸ் ஒன்று. மூன்றாவதாக ஒரு மின்னூட்டத்தை எங்கே வைத்தால் அதன்மேல் மொத்த விசை பூஜ்யமாகும்? கூலூம் விதியைப் போட்டு, இரண்டுக்கும் நடுவே, மைனஸிலிருந்து பத்து சென்டிமீட்டரில் என்று விடை எழுதியிருந்தார்கள். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய தாள்.

"இது தப்புங்க" என்றேன்.

"காலேஜ்ல படிச்சதெல்லாம் இன்னுமா ஞாபகம் இருக்கு? போய் வேலையப் பாரு" என்றார் இவர், நிமிராமலே.

சுருக்கென்றது. தாளில் விரலை வைத்தேன். "நானும் பி.எஸ்சி. பிசிக்ஸ்தான். நடுவுல வெச்சா ஒண்ணு தள்ளும், இன்னொண்ணு அதே பக்கமா இழுக்கும். அப்புறம் எப்படிப் பூஜ்யமாகும்? வெளிய, மைனஸத் தாண்டி முப்பது சென்டிமீட்டர்ல வைங்க."

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. என் விரல் போன இடத்தை வைத்தே புரிந்துகொண்டு, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "பஸா, வஹினி" என்றார். உட்காருங்கள் என்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

உட்கார்ந்தேன். மீதிக் கணக்குகளை மூன்று பேருமாகச் சரிபார்த்தோம். எசகுபிசகாக வந்த ஒரு விடையைப் பார்த்து அவர்கள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் இதற்குத்தான் சிரித்தார்களா என்றிருந்தது. நான் ஆசையாகப் படித்த படிப்பு கூடத்தில் நடக்க, நான் அடுப்படியில் நின்றேனே, அந்த வயிற்றெரிச்சலைத்தான் புருஷன் கைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் என்று நினைத்திருக்கிறேன்.

இன்றும் யாரையாவது பார்த்து வயிறு எரிந்தால், அவரிடம் இருக்கிற எதை நான் பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.