வாழைப்பழப் படமும் மிளகாய்த்தூளும்

பழனிக்குப் போய்வந்தவர்கள் கொடுக்கிற பஞ்சாமிர்த டப்பாவைத் தூக்கிப் போடுகிற வீடு கொடைக்கானலில் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கடுகு, சீரகம், பட்டன், ஊசிநூல் எல்லாமே அதற்குள்தான். எல்லா டப்பாவின் மேலும் அதே வாழைப்பழப் படம். எதில் எது இருக்கிறதென்று மூடியில் காகிதம் ஒட்டி அழகாக எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. போனில் தெரிகிற ஐஸ்கிரீமை நக்கிப் பார்த்து ஏமாந்த பருவத்தைத் தாண்டியிருந்தாள். படத்தைத் தின்ன முடியாது, ஆனால் உள்ளே இருப்பதைப் படம் சொல்லிவிடும் என்று தானாகவே கண்டுபிடித்திருந்தாள். கடைத்தெருவில் ஒவ்வொரு பாக்கெட்டாக விரல் நீட்டி, "பிஸ்கட்டு, சோப்பு, முறுக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். குளிருக்குப் போட்ட குல்லாய்க்குள் அந்த முகத்தைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

ஒரு நாள் காலை குழம்பு வைப்பதற்காக ஒரு டப்பாவை இறக்கி முக்காலியில் வைத்தேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் மகள் மூடியைத் திறந்து, விரலை ஆழ விட்டு, வாயில் வைத்துவிட்டாள். மிளகாய்த்தூள். தயிரும் சர்க்கரையும் ஊட்டி அவளை அடக்க அரைமணி நேரம் ஆயிற்று.

"மூடியில எழுதித்தானே வச்சிருக்கேன்" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"ஏங்க, அதுக்கு எழுத்தா தெரியும்? படந்தான் தெரியும். அதையும் பொய்யாக்கிட்டீங்க" என்றாள்.

நான் திரும்பிக் குழம்பைக் கிண்டினேன்.

அதற்கப்புறம் மகள் எந்தப் படத்தையும் நம்பவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ தின்னு" என்பாள். தின்று காட்டினாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். படப் புத்தகத்தில் பசுமாட்டைக் காட்டிக் கேட்டால், "தெரில" என்பாள். நன்றாகத் தெரியும் அவளுக்கு. பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டதை நான் கெடுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாவையும் தரையில் பரப்பி, படங்களைச் சுரண்ட உட்கார்ந்தேன். அவள் சிவப்புக் கிரேயானோடு வந்து, மிளகாய்த்தூள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வாழைப்பழத்தின் மேலேயே கன்னாபின்னாவென்று கிறுக்கினாள்.

"என்ன பாப்பா இது?"

"காரம்."

அந்த ஒன்றை மட்டும் நான் சுரண்டவில்லை.

அடுத்த வாரம் என் தங்கை கன்னிவாடியிலிருந்து தன் ஒன்றரை வயது மகனோடு வந்தாள். நான் சமைத்துக்கொண்டிருந்தேன். அவன் தத்தித் தத்தி நேரே முக்காலிக்கு வந்து அந்த டப்பாவைப் பிடித்தான். மகள் ஓடிவந்து, டப்பாவைத் திருப்பித் தன் கிறுக்கலைக் காட்டினாள். அவன் சிரித்தான். "காரம்டா" என்று கிறுக்கலை விரலால் தட்டினாள். அவன் மூடியை இழுத்தான்.

"அப்பா, இவனுக்குத் தெரில" என்றாள்.

நான் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவளே மூடியைத் திறந்து, விரல் நுனியில் தூளைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்தாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, சிவந்த நாக்கை அவனுக்கு நீட்டிக் காட்டினாள்.

அவன் கையை எடுத்துவிட்டான்.