மூன்றாம் மாடிச் சன்னல்

உஷாராணியின் வலது கையை நம்பி மலேசியாவின் கிள்ளான் நகரில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. மணப்பெண்ணுக்கு மருதாணி வைப்பது அவள் பிழைப்பு. பெண் தும்மினாலும் அழுதாலும், காய்ந்துகொண்டிருக்கும் இன்னொரு கையால் பழைய காதலனுக்கு மெசேஜ் தட்டினாலும், உஷா போடும் கோடு ஆடாது. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒத்துவராமல் போனது. யாருக்கு நஷ்டம் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

அந்தக் கையைக் காமிக்ஸுக்கு இழுத்து வந்தவன் பிரவின். வேலை நேரத்தில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பான், மற்ற நேரத்தில் பேய் வரைவான். அவன் அக்காவுக்கு மருதாணி வைக்க வந்த உஷாவின் கோட்டைப் பார்த்தவன், "அக்கா, இந்தக் கைய வெச்சிக்கிட்டு வெறும் மாங்கா டிசைனு போட்டா எப்படி லா?" என்று கேட்டான். அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை.

அவர்கள் பேய்க் காமிக்ஸுக்கு அட்டைப்படம் போடும் விதம் இது. பிரவின் நீலப் பென்சிலில் வரைவான். அதன் மேல் உஷா கறுப்பு மையில் இழுப்பாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அச்சுக்கடை வைத்திருக்கும் லோகன் தாளை ஸ்கேன் செய்து நீலத்தை எடுத்துவிடுவார். மை பட்டது மட்டும் தங்கும். படாத நீலம் போன இடம் தெரியாது. அந்த மைக்கோடுகளுக்கு வனேசா கணினியில் நிறம் கொடுப்பாள், லோகன் தலைப்பு எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மூடியிருக்கும். நாலு பேரும் உள்ளே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டை ஓய்ந்தால் அட்டை முடிந்தது என்று அர்த்தம்.

இந்த முறை அடுக்குமாடி வீட்டில் பேய். 'சி பிளாக்கில் யாரோ' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பிரவின் நீலத்தில் வரைந்த தாளை மேசையில் விரித்தான். பழைய பிளாட் ஒன்று, பதினாறு சன்னல்.

"கம்போங் மேடான்ல பார்சல் போடப் போனேன். சும்மா ஒரு போட்டோ எடுத்தேன்," என்றான். "வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாக்குறேன், மூணாவது மாடில ஒரு பொம்பள நிக்குது. தலயே இல்ல! ரெண்டு நாளு தூக்கம் வரல எனக்கு."

"அதான் மூஞ்சி இப்படி இருக்கா? நான் எப்பவும் போலன்னு நெனச்சேன்," என்றாள் வனேசா.

தலை இல்லாத பொம்பளைக்குப் பிரவின் தாராளமாகத் தலை கொடுத்திருந்தான். பிதுங்கிய கண், மார்புவரை தொங்கும் நாக்கு.

உஷாவும் சிரித்தாள். கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். அவள் வீடு கம்போங் மேடானில் என்பது மூவருக்கும் தெரியும். எந்த பிளாக் என்று தெரியாது. லிப்ட் பாதி நாள் ஓடாத வீட்டுக்கு அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. அவள் அம்மா செத்தபோதுகூட மூவரும் நேரே மின்மயானத்துக்குத்தான் வந்தார்கள்.

அந்தச் சன்னலில் பொம்பளை யாரும் நிற்கவில்லை. அது உஷா வீட்டில் ஹேங்கரில் தொங்கும் அவள் அம்மாவின் நைட்டி.

எட்டு மாதத்துக்கு முன்னால், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில், அப்பா பக்கிரிசாமி அதைத் துவைத்துச் சன்னல் கம்பியில் மாட்டினார். அம்மா திரும்பி வரவில்லை. நைட்டி அங்கேயே இருக்கிறது. உஷா எடுக்கப்போகும்போதெல்லாம் அவர் எழுந்து வந்து, துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் காயலம்மா," என்பார். முதல் தடவை அவள் வாதாடினாள். இரண்டாவது தடவை அவளும் தொட்டுப் பார்த்தாள். கையில் ஈரம் பட்டதுபோல் இருந்தது. மூன்றாவது தடவை என்று ஒன்றை அவள் வைத்துக்கொள்ளவில்லை. காற்றடித்தால் அது தோளைக் குலுக்கும். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட அவளுக்குப் பழகிவிட்டது.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்த மாலைகளில், தண்ணீர்த் தொட்டி, காயும் போர்வைகள், செருப்பு அடுக்கு என்று ஒன்று விடாமல் மை இழுத்தாள். பதினைந்து சன்னல் முடிந்தது. பதினாறாவதில் பேனா நின்றது. பின்னால் ஹேங்கர் கம்பியில் உரசியது. உஷா வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அங்கே நின்றுதான் அம்மா கீழே பார்த்துக் கத்துவாள், "முட்ட வாங்கிட்டியாடி?" என்று. அந்த முகத்தில் நாக்கைத் தொங்கவிட உஷாவின் கைக்கு வரவில்லை. சன்னல் சட்டத்தை மட்டும் இழுத்துவிட்டுப் பேனாவை மூடினாள். நீலம்தானே, ஸ்கேனில் தானாகப் போய்விடும். மறந்துட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது.

ஞாயிறு வந்தது. லோகன் ஸ்கேன் செய்து நீலத்தை எடுத்தார்.

"என் பேயி எங்கக்கா?" பிரவின் கத்தினான்.

"மறந்துட்டேன்டா," என்று சொல்லிக்கொண்டே உஷா திரையைப் பார்த்தாள். பதினைந்து சன்னலில் துணியோ பூச்சட்டியோ விளக்குமாறோ ஏதோ இருந்தது. மூன்றாம் மாடியில் ஒன்று மட்டும் சட்டம் போட்ட வெறும் ஓட்டை. உள்ளே யாரும் இல்லை. இனிமேலும் இருக்க மாட்டார்கள் என்பதுபோல் இருந்தது. அம்மாவை அங்கிருந்து இரண்டாவது முறை அனுப்பியாகிவிட்டது. இந்த முறை அனுப்பியது அவளுடைய கை.

"தாள குடுங்கண்ணே."

தாளில் நீலம் இன்னும் இருந்தது. பிரவினின் நாக்கையும் கண்ணையும் அவள் மதிக்கவில்லை. நைட்டியின் கழுத்து லேஸ், கையருகே ஊக்கு, கம்பியைப் பிடித்த விரல்கள், கீழே எட்டிப் பார்க்கும் தலை, பேசுவதற்குத் திறந்த வாய் என்று இழுத்துக்கொண்டே போனாள். மணப்பெண்கள் அழும்போதும் ஆடாத கோடு லேஸில் ஓர் இடத்தில் ஆடியது. அதை அப்படியே விட்டாள்.

லோகன் தாளைத் தூக்கிப் பார்த்தார். "இது பேயா உஷா? யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கே."

"முட்ட வாங்கிட்டியான்னு கேக்குது. எங்கம்மாண்ணே. அது எங்க வீடு."

பிரவினின் முகம் சுருங்கியது. "ஐயோ அக்கா. அவங்களுக்குப் போயி நான் நாக்க..."

"நாக்கு அவங்களுக்கு நீளம்தான்டா. வாயத் தொறந்தா பிளாக்குக்கே கேக்கும். விடு."

லோகன் மறுபடி ஸ்கேன் செய்தார். வனேசா தன் வேலையைப் பிடித்துக்கொண்டாள். "நைட்டி என்ன கலரு?"

உஷாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினம் பார்ப்பதுதான். ஆனால் அவள் பார்ப்பது எட்டு மாத வெயில் தின்று மீதி வைத்த நிறம். விரலெல்லாம் மை, அதனால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ப்பா, சன்னல்ல இருக்குற அம்மா நைட்டி, முன்ன என்ன கலருப்பா?"

செருப்புச் சத்தம் நடந்து போய் நின்றது. "வெளிய வெளுத்துருச்சு. இரு, தையலப் பிரிச்சி உள்ள பாக்குறேன்." கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. "கத்திரிப்பூ கலரும்மா. நல்ல அழுத்தமான கலரு. எதுக்குக் கேக்குற?"

"அம்மாவ ஒரு படத்துல வரைஞ்சிருக்கோம்பா. சன்னல்ல நிக்கிற மாதிரி."

"பகலா, ராத்திரியா?"

வனேசா நிரப்பி வைத்திருந்த கருநீல வானத்தை உஷா பார்த்தாள். "ராத்திரிப்பா."

"அப்ப லைட்டப் போடச் சொல்லு. இருட்டுல தனியா நிக்க மாட்டா அவ. பயப்படுவா."

பேய்ப் புத்தகத்தின் அட்டையில் விளக்கெரிவதைப் பற்றிச் சொல்ல லோகனுக்கு நிறைய இருந்திருக்கும். அவர் நாற்காலியை வனேசாவின் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வனேசா அந்த ஒரு சன்னலுக்குள் மஞ்சளை ஊற்றினாள். கத்திரிப்பூ நிறம் துணியில் ஏறியது. போனில் இருப்பவருக்குப் படம் தெரியாது என்பது மறந்துபோய், "போதுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்மா," என்றார் அவர்.