வாய் திறந்து நின்ற நான்கு பைகள்

சனிக்கிழமை, காலை 9.40. பாரிஸின் கார் டு நோர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. வருவதாக யாரும் சொல்லவுமில்லை. ஆனாலும் ஒருதரம் சுற்றும் முற்றும் பார்த்தேன், பழக்கதோஷம். விமான நிலையத்திலிருந்து ரயிலுக்குப் பத்து யூரோ. அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் அறுநூறு மீற்றர்தான் என்றார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் மன்னார்க்காரி. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் பன்னிரண்டு குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளர். தானியம் வழியில் வீணாவதைக் குறைப்பது பற்றி திங்கட்கிழமை பாரிஸில் ஒரு கூட்டம். பதினைந்து நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் என் கவலை கூட்டமல்ல, லா சப்பலில் இருக்கும் குகனின் கடை. எங்கள் சிவப்புப் புழுங்கல் அரிசியை வெளிநாட்டில் வாங்கும் ஒரே கடை அது. போன வருடம் அனுப்பிய அரிசியில் வண்டு. இந்த வருடம் காற்று புகாத உள்பை வாங்கி, நன்றாகக் காயவைத்து, முப்பது பை அனுப்பினோம். இரண்டு கிழமைக்கு முன் குகன் தொலைபேசியில் சொன்னது: “அக்கா, நாலு பையிலை பூஞ்சணம்.” அவர் கைவிட்டால் பன்னிரண்டு வீடும் பழையபடி ஊர் வியாபாரி சொல்கிற விலைக்கே போகவேண்டும்.

காலை 10.30. குகன் யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயதிருக்கும். “வாங்கோ அக்கா, பயணம் சுகமே?” என்றவர் பதிலுக்கு நிற்காமல் கீழே இறங்கினார். கடைக்கு அடியில் நிலவறை. இங்கே எல்லோரும் ‘காவ்’ என்கிறார்கள். பதினான்கு படி. அரிசிப் பைகள் பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் அடுக்கியிருந்தன. அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்கு பைகளையும் அவிழ்த்தேன். வாயருகே அரிசி கட்டிபட்டு, பச்சை படர்ந்து, மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றம். கையை ஆழமாக விட்டால் அடியில் கலகலவென்று நல்ல அரிசி! கொண்டுபோன ஈரமானியால் மற்றப் பைகளைச் சோதித்தேன். ஒன்றிலும் பழுதில்லை, ஒரு வண்டுகூட இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான்கு பையின் கழுத்திலும் ஊரில் நான் கட்டிய வெள்ளை ரிபன் வேறு கிடந்து பல்லிளித்தது.

“கப்பல் வெக்கையிலைதான் எங்கையோ பை வேர்த்திருக்கும் அக்கா,” என்றார் குகன்.

“ஓம் தம்பி, கப்பலாத்தான் இருக்கும்,” என்றேன். கப்பல் வந்து மறுத்துப் பேசவா போகிறது? அந்த நிமிடம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னேரம் 5 மணி. மார்க்ஸ் டோர்மோவா பக்கம் விடுதி அறை, ஒரு கட்டில், ஒரு யன்னல். தெருவில் தமிழ்ச் சனம் கைநிறையப் பைகளோடு, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு போயிற்று. என் மொழியில்தான் கத்தினார்கள், என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஊரிலிருப்பதைவிடத் தனிமையாக இருந்தது. வீட்டுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுப்போம் என்று கை தானாகப் போனது. எடுக்க அங்கே யார் இருக்கிறார்? என் கணவர் தவறிப் போய் ஐந்து வருடம். நான் இங்கே வந்தால் அந்த வீட்டில் ஆளில்லை.

ஞாயிறு, காலை 9.50. பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பூசைக்குப் போனேன். வாசலில் கல்லால் செய்த தீர்த்தத் தொட்டி. விரலைத் தோய்த்துச் சிலுவை போடக் கையைத் தூக்கினேன். ஒரு சொட்டு வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. ஐயோ, என் ஆண்டவரே!

எங்கள் ஊரில் புது அரிசி வெளியே போகுமுன் முதல் பைகளைக் கோவிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். நான்கு பைகளுக்கு ரிபன் கட்டி பீடத்துக்கு முன் வைத்தோம். எங்கள் பங்குச் சுவாமிக்கு எப்போதும் தாராளக் கை, தீர்த்தத்தை மூன்றுதரம் அள்ளித் தெளித்தார். “பையை மூடிவிடலாமே, பிள்ளை?” என்று அவர் முதலே கேட்டதும் உண்மை. நான்தான் வாய்க்காரி: “மூடினால் பிளாஸ்ரிக்குக்குத்தான் ஆசீர்வாதம், சுவாமி. திறந்தே கிடக்கட்டும்.” பிறகு நானே இறுக்கிக் கட்டினேன். சாதாரணச் சாக்கென்றால் அந்த ஈரம் காய்ந்திருக்கும். காற்று புகாத பை தண்ணீரையும் வெளியே விடாது என்று எல்லாருக்கும் வகுப்பெடுத்தவளும் நான்தான்!

பூசைக்கு நின்றேன், ஒரு சொல்லும் மனதில் ஏறவில்லை. வெட்கம். கப்பல் என்றே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? நல்ல கேள்விதான், அதுவும் கோவிலுக்குள் நின்று.

காலை 11.30. கடையில் ஞாயிற்று நெரிசல். குகனை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய் ஒரு வாடிக்கைக்காரருக்கு மிச்சக்காசு கொடுத்துவிட்டு வந்தார்.

“அக்கா, உண்மையைச் சொல்லட்டே? கப்பலிலை பிழையெண்டா அடுத்த முறையும் அதே கடல், அதே வெக்கை. என்னாலை ஒண்டும் செய்யேலாது. நேற்று நீங்கள் போனாப்பிறகு, இதோடை நிப்பாட்டுவமெண்டுதான் முடிவெடுத்தனான். உங்கடை பிழையெண்டா திருத்தலாம்தானே.” சிரித்தார். “அடுத்த முறையும் முப்பது பையே அனுப்புங்கோ. ஆனா இனி அந்தப் பிளாஸ்ரிக்கையே ஆசீர்வதியுங்கோ.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மனைவி எங்கள் அரிசியில் சமைத்த சோற்றை ஒரு பார்சலாகக் கட்டித் தந்தா. அறைக்குக் கொண்டுவந்து யன்னலோரம் இருந்து சாப்பிட்டேன். சரியாக ஒரு ஆளுக்கான சோறு, ஒரு பருக்கை மிஞ்சவில்லை. செய்தியைச் சொல்ல ஆள்தான் இல்லை.

திங்கள், பிற்பகல் 2 மணி. கூட்டத்தில் தீர்த்தக் கதையையே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாற, பிறகு மண்டபமே சிரித்தது; நானும் சிரித்தேன். உங்கள் தானியம் வேறெங்கே வீணாகிறது என்று ஒருவர் கேட்டார். களம், ஆலை, பாதை, களஞ்சியம் என்று விரல் மடக்கிச் சொன்னேன். மீதி ஒரு விரல் இருந்தது. வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும் சுண்டில் ஒன்று போட்டாலே எனக்குப் போதும்; அவர் போய் ஐந்து வருடமாகியும் என் கை இரண்டுதான் போடுகிறது. மிச்சச் சோறு காலையில் கோழிக்கு. அதைத் தடுக்க ஒரு பை இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை நான் அங்கே சொல்லவில்லை.