ரோட்டிலிருந்து வீடு வரை பூசிய களம்

நேற்று எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துத் தரையைப் பூசிக்கொண்டிருந்தார்கள். ஈர சிமெண்டு வாசனை மூக்கில் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், பின்னால் வழி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததுதான். சிரிக்காதீர்கள். சொந்தக் கையால் சிமெண்டு பூசித் தன்னைத்தானே வீட்டுக்குள் அடைத்துக்கொண்ட பட்டதாரி நான்.

ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஊர். வீட்டுக்கு முன்னால் இந்தச் சுவர் தொட்டு அந்தச் சுவர் வரைக்கும் சிமெண்டுக் களம். தாண்டினால் பஸ் போகிற ரோடு. பின்வாசல் கிடையாது. வேர்க்கடலை காயப்போட்டால் மண் ஒட்டாது என்று அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, அந்தக் களத்தின்மேல் தனிப் பெருமை. ஆனால் சிமெண்டுக்குப் புதிதான எங்கள் தெருவே செய்த தப்பை நாங்களும் செய்தோம். மண் வாசலில் வைப்பதுபோலவே கல் கூட்டி, தரைமேலேயே பொங்கல் அடுப்பை மூட்டினோம். பானை பொங்குவதற்கு முன்பே தரை பொங்கிவிட்டது. பட்டென்று வெடித்த சில்லு ஒன்று பானைக்குள் விழ, அதைக் கரண்டியால் துழாவி எடுத்துவிட்டுச் சாப்பிட்டோம். அடுத்த வருஷம் உஷாராகிவிட்டோம். உடைந்த இடத்தை விட்டு, நல்ல இடமாகப் பார்த்து அடுப்பு வைத்தோம். இப்படியே ஒவ்வொரு வருஷமும் உஷாராக இருந்ததில் முழுக் களமும் அம்மைத் தழும்பு முகமாயிற்று.

எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒவ்வொருவராக மெட்ராஸ் கம்பெனிகளுக்குக் கிளம்பிய காலம் அது. எனக்கும் அம்பத்தூரில் ஒரு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும்; ஞாயிறு சாயங்கால பஸ்ஸை விட்டால் முடியாது. நைனா ஒன்றுதான் சொன்னார்.

"களத்த பூசிட்டு எங்கனா போ."

ஞாயிறு காலையிலேயே பொரிந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, கழுவி, சிமெண்டுப் பால் ஊற்றி, கலவை போட்டுத் தேய்த்தேன். வேலை நன்றாக வந்தது. அதுதான் வினை. ரோட்டோரம் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வந்தவன், முதுகு கதவில் இடித்தபோதுதான் நிமிர்ந்தேன். எனக்கும் உலகத்துக்கும் நடுவில் களம் பளபளவென்று ஈரமாகக் கிடந்தது.

சட்டை மாற்றிக்கொண்டு பையோடு வாசற்படியில் நின்றேன். எதிர்வீட்டுத் தனம் அத்தை ரோட்டிலிருந்து பார்த்துவிட்டாள்.

"இன்னா மாப்ள, வயசுக்கு வந்த பொண்ணாட்டம் உள்ளயே ஒக்காந்துகினு கீற? மஞ்சத்தண்ணி எப்போ?"

"ஒரு பலக போடு அத்த!"

"பலகைய போட்டா தடம் விழும். உங்க நைனா மீதிக் கலவைய என் தலையில பூசிடுவாரு."

கழனியிலிருந்து நைனாவும் அம்மாவும் வந்தார்கள். நைனா களத்தின் ஓரத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"மட்டம் நல்லா கீதுடா."

என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

"நைனா, பஸ்ஸு வருது."

"மிதிச்சிகினு வந்துடுடா, அப்பறம் பூசிக்கலாம்!" என்று அம்மாதான் கத்தினாள்.

பஸ் நின்றது. "ராவய்யா!" என்று தெலுங்கில் கூப்பிட்டார் கண்டக்டர். காலைத் தூக்கினேன். தூக்கிய கால் ஈரத்துக்குமேல் கொக்குபோல நின்றது. கீழே இறங்க மாட்டேன் என்றது. பிறந்ததிலிருந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே பொருள் அது. அதில் எப்படி மிதிப்பது?

பஸ் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் என் நாற்காலியில் புத்தூர்ப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அடுத்த வேலை கிடைக்கும்வரை, வருஷக்கணக்கில், அந்தக் களத்திலேயே கடலையைக் கிளறிக்கொண்டு, சாயங்கால பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். களம் மட்டும் ஒரு கீறல் விடவில்லை.

இப்போது அந்தக் களமும் இல்லை, வீடும் இல்லை, தெருவும் இல்லை. எல்லாம் கம்பெனி கட்ட எடுத்த நிலத்தோடு போய்விட்டது. அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. என் மகள் கல்யாணப் பந்தியில் இந்தக் கதையைச் சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னேன். பிள்ளையைப் பிரிய மனமில்லாத தகப்பன், வாயால் சொல்லத் தெரியாமல் சிமெண்டால் சொன்னார் என்று முடித்துவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

பக்கத்து இலையில் நைனா பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்:

"மறுவாரம் கடல புடுங்கறதா இருந்துச்சி, களம் வேணும், பூசச் சொன்னேன். எவனாவது ரோட்டுலேர்ந்து வூட்டுப் பக்கமா பூசிகினு வருவானா?"