வாசிகசாலையில் கற்களைக் கழுவிய கதை

ஈரமும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாடை... ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த வாசிகசாலையின் வாடை அது.

பின்னறையில் இரண்டு கண்ணாடி அலுமாரிகள் இருந்தன, நண்பர்களே. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை மலைநாட்டுக் கற்களைப் பொறுக்கிச் சேர்த்து, ஊர்ச்சனம் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். காரீயம், காக்காப்பொன், சந்திரகாந்தக்கல்... ஒவ்வொன்றிலும் எடுத்த ஊரை எழுதிய துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. நான் போன காலத்தில் கண்ணாடி உடைந்து, உள்ளே கரப்பான்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

கமிட்டிக்காரர் ஒருநாள் வந்து பார்த்தார். "வெசாக் பண்டிகைக்குள்ள இதை ஒழுங்காக்கினா இருக்கட்டும். இல்லாட்டி ரோட்டுக்குக் கொட்டிட்டு பில்லியர்ட்ஸ் மேசை போடுவம்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தில் மாணிக்கக்கல் கடை வைத்திருந்த காதர் நானாவிடம் போய் நின்றேன். அவர் தன் கிராமபோனைத் தூக்கிக் கையில் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இருவரும் வத்தேகம சந்தைக்குப் போவோம். பிஸ்கட் டின்னில் சில்லறை போட்டால் கேட்ட பாட்டு. தோட்டத்துச் சனம், கடைக்காரர்கள், ஒரு சிங்கள வைத்தியர்... ஒரே பாட்டை நாலு தரம் கேட்டவர்களும் உண்டு. அந்தக் காசில் புதுக் கண்ணாடி வந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் புத்தி புல் மேயப் போனது. கல் மட்டும் அழுக்காக இருக்கலாமா என்று அத்தனையையும் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், காகிதமெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. மை கரைந்து ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. துரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒரே இந்துப்புக் கட்டி பாதியாக இளைத்திருந்தது.

வேறு பட்டியலும் கிடையாது. சந்தையில் காசு போட்ட முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அழுதேவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

காதர் நானா வந்து பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். "தம்பி, விக்கிற கல்லுன்டா எனக்குத் தெரியும். இதுல முக்கால்வாசி விக்காத கல்லு. வெளியால ரோட்டுல உடைக்கிறாளே, அவகிட்ட கேட்டுப் பாருங்க."

செல்லாயியைத்தான் சொன்னார். எங்கள் ஜன்னலுக்கு நேரே குந்தியிருந்து ரோட்டுக்குச் சல்லி உடைப்பவள். கூப்பிட்டதும் வாசலோடு நின்றுவிட்டாள். "உள்ள வரலாமாங்கய்யா?"

சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் மெல்லத் தட்டிக் காதுகொடுத்தாள். "இது ஹேவாஹெட்ட ரோட்டுக் கல்லுங்க. உடைச்சா கண்ணுல தெறிக்கும். இது புசல்லாவ பக்கம்... கையக் கிழிச்சிப்புடும்." அவள் வேலை செய்யாத ரோடு இல்லை போலிருந்தது. இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னாள், நான் எழுதினேன். கடைசியில் நாலு கல் மிஞ்சியது.

"தெரியலைங்கய்யா. தெரியாதுன்னே எழுதிருங்க."

அப்படியே எழுதி வைத்தேன்.

விழா நன்றாகவே நடந்தது. அலுமாரிகள் தப்பின. மேடையில் பேசியவர்கள், எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மின்விளக்கு, அச்சடித்த அட்டைகள், எல்லாம் அழகாக இருக்கின்றன. அட்டையில் உள்ள ஊர்கள் அவள் சொன்னவைதான். வெளியே தார் ரோடு. சல்லி உடைக்க இப்போது மெஷின் வந்துவிட்டது, ரோட்டோரத்தில் யாரும் குந்தியிருப்பதில்லை.

இன்றைக்கு என்றால் அவளைக் கூட்டிவந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார வைத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அவளை அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே கல்லுடைக்கும் சத்தம் கேட்டது. பேச்சுக் கேட்கவில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நான்தான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.